நேற்றைய தண்ணீர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பதினேழு மாடிக் குடியிருப்புக்குத் தலைவராவது சிரமமான காரியமல்ல. பொதுக்கூட்டத்துக்குக் குறித்த நேரத்தில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் உங்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்கள். அரசாங்க அலுவலகத்தில் ஆயுளைக் கழித்த விநாயகமூர்த்தி எதற்கும் தாமதமாகப் போனவரல்லர். ஓய்வு பெற்ற கையோடு தலைவரானார். அதன்பின் அந்தப் பதவியை யாரும் அவரிடமிருந்து கேட்கவில்லை. கேட்டு வாங்கக்கூடிய பொருளாக அது யாருக்கும் தோன்றவுமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் எழுத்தராக இருந்தவரின் மகன் அவர். தேய்த்த சட்டை, சட்டைப் பையில் பேனா, பிழையில்லாத ஆங்கிலக் கடிதம். லிஃப்டில் அவர் ஒட்டும் நோட்டீஸ்கள் மூன்று மொழியில் இருக்கும். மூன்றையும் மக்கள் சமமாகப் படிக்காமல் விட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நண்பர்கள் குவிவதில்லை. இருந்தது ஒருவர், எதிர்வீட்டுத் தம்புசாமி. அவருடைய அப்பா அதே ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த கூலியாள். எழுத்தர் வீடுகள் ஒரு வரிசை, கூலியாட்கள் வீடுகள் வேறு வரிசை என்றிருந்த காலம் அது. ஆனால் பள்ளிக்கூடம் ஒன்று, பந்து ஒன்று. தம்புசாமி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் ஒரே தளத்தில் வீடு வாங்கியது தற்செயல் என்று விநாயகமூர்த்தி சொல்வார். தம்புசாமி வாங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தற்செயல் நடந்தது.

சாயங்காலம் ஆனால் இருவரும் கீழே இருக்கும் கடையில் உட்கார்ந்து தே தாரேக் என்ற ஆற்றிய பால் தேநீர் குடிப்பார்கள்.

"என்ன தலைவரே, இன்னிக்கு யாருக்கு நோட்டீஸ்?"

"லிஃப்ட்ல யாரோ வாழைப்பழத் தோல் போட்டிருக்கான்."

"தோலுக்கு நோட்டீஸ் அடிச்சிட்ட, சரி. பழத்த சும்மா விட்டுட்டியே மூர்த்தி."

"நீதான் தின்னிருப்ப. எனக்குத் தெரியும் லா."

"பார்த்தியா, சிலோன் மூளைன்னா சிலோன் மூளைதான். தின்னது பேரன். ஆனா வாங்கிக் குடுத்தது நான், அதனால பாதி கரெக்ட்."

உலகத்தில் வேறு யாரும் விநாயகமூர்த்தியை 'மூர்த்தி' என்று கூப்பிடுவதில்லை. மனைவி கனகேஸ்வரிகூட 'இஞ்ச பாருங்க' என்பதோடு சரி. அந்தக் கடைக்கு அவர் போனது தேநீருக்காகவா, அந்தப் பெயருக்காகவா என்று கேட்டால் தேநீர் என்றுதான் சொல்லியிருப்பார். அங்கே சர்க்கரை அதிகம் என்று தினமும் குறைப்படவும் செய்தார்.

தம்புசாமியின் மனைவி சீதாலெட்சுமிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. கூடத்தில் கட்டில் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தார். குளிப்பாட்டுவது, கழுவுவது, துணி மாற்றுவது எல்லாம் அவரே. ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி மகன் முகுந்தன் செமினியிலிருந்து வரும்போதெல்லாம் சொல்வான். "அவ வெக்கப்படுவாடா" என்று தம்புசாமி முடித்துவிடுவார். சீதாலெட்சுமி எதற்கும் நேரம் பார்த்துக் கூப்பிட முடியாதவள். ஆகவே அந்த வீட்டில் தண்ணீர் எந்நேரமும் வேண்டும். வந்துகொண்டும் இருந்தது. விநாயகமூர்த்தி ஷா ஆலமுக்குப் போய் ஒரு கருத்தரங்கில் உட்காரும் வரைக்கும்.

வீட்டுத் தண்ணீருக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கருத்தரங்கு அது. ஹோட்டல் மண்டபத்தில் ஏர்கான் அடித்த குளிரில், பேச்சாளர் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பூமி சூடாகிறது என்று எச்சரித்தார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். ஆற்றிலிருந்து எடுப்பதற்கு மின்சாரம், சுத்தம் செய்வதற்கு மின்சாரம், குழாயில் தள்ளுவதற்கும் மாடிக்கு ஏற்றுவதற்கும் மின்சாரம். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து வருவது. ஆக, குழாயைத் திறக்கிறவன் ஒவ்வொருவனும் எங்கோ ஒரு புகைபோக்கியைத் திறக்கிறான். விநாயகமூர்த்தி உறைந்து போனார். பாதி ஏர்கானால், பாதி உண்மையால்.

தண்ணீரைச் சூடாக்குவது பற்றிய பகுதி தேநீர் இடைவேளைக்குப் பிறகு இருந்தது. ஆனால் அதுவரை இருந்தால் நெடுஞ்சாலையில் ஜாம் ஆகிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஞானத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. சாயங்கால நெரிசலுக்கு முன்னால் கிடைத்தால்தான் உண்டு. கிடைத்த பாதியோடு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போனார். அங்கே சுவரின் உச்சியில் பீப்பாய் போல ஒரு ஹீட்டர் சிவப்பு விளக்கோடு இரவு பகலாக விழித்திருந்தது. குளிருக்கு இதமாக வெந்நீரை நெடுநேரம் தலையில் விட்டபடி, கட்டடத்தின் பாவங்களைப் பற்றி யோசித்தார். கீழே நிலத்தடித் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அவர் நினைவுக்கு வந்தது. நாளெல்லாம் ஓடுகிற பம்ப். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

மறுவாரம் நோட்டீஸ் ஏறியது. பூமியைக் காக்கும் பொருட்டு இனிமேல் பம்ப் காலையிலும் மாலையிலும் மட்டுமே ஓடும். குடியிருப்போர் சிக்கனமாகப் புழங்கவும்.

இந்த ஊர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தண்ணீர் நிற்கும் என்று மட்டும் சொல்லக்கூடாது. தண்ணீர்த் தடையில் லோரிக்குப் பின்னால் வாளியோடு வரிசை நின்று பழகிய ஜனம். அன்று மாலையே தண்ணீர் பிடிக்கும் பெரிய நீல நிறப் பிளாஸ்டிக் தோங்குகள் லிஃப்டில் ஏற ஆரம்பித்தன. வீட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு. தோங்கு வைக்க இடமில்லாதவர்கள் குழந்தை குளிக்கும் தொட்டி, ஐஸ் பெட்டி, பழைய குக்கர் எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார்கள்.

பிடித்து வைத்தது பெரிய சேதமில்லை. மறுநாள் காலையில் நடந்ததுதான் சேதம்.

விளக்கேற்றுகிற வீட்டில் நேற்றைய தண்ணீரை வைத்து இன்றைக்குச் சாமிக்குச் செய்ய முடியுமா? அரிசி களையத்தான் முடியுமா? தவிர, தேங்கின தண்ணீரில் கொசு முட்டையிட்டால் சுகாதார இலாகாவின் சம்மன் வேறு. ஆகவே காலையில் பம்ப் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு தோங்கைச் சாய்த்தார்கள். நேற்றையது ஊற்றப்பட்டது, இன்றையது நிரப்பப்பட்டது. நாளைக்கு அதுவும் நேற்றையதாகி ஊற்றப்படும். பதினேழு மாடிகளின் நேற்றும் ஒன்றாகச் சாக்கடையில் இறங்கும் சத்தத்தில், கீழே காவலுக்கு இருந்த ஜாகா முதல் நாள் குழாய் வெடித்ததாக நினைத்து ஓடிவந்தார்.

சாய்த்தவர்களில் முதலாமவர் கனகேஸ்வரி.

"கொட்டாதே என்றுதானே நோட்டீஸ் போட்டிருக்கிறேன்!" என்று தலைவர் குளியலறை வாசலில் நின்று கத்தினார்.

"சிக்கனமா புழங்கச் சொல்லித்தான் போட்டிருக்கு. கொட்டாதே எண்டு எங்க போட்டீங்க?"

"பூமிக்காகச் சொல்றேன், கனகம்."

"பூமிக்குத்தானே ஊத்துறன்? அங்கதான் போகுது. சும்மா கதைக்காம தள்ளி நில்லுங்க, கால் நனையப் போகுது."

தொட்டி முன்பைவிட வேகமாகக் காலியானது. பம்ப் காலையும் மாலையும் மூச்சு வாங்க ஓடியது. மக்கள் பேராசை பிடித்தவர்கள் என்று விநாயகமூர்த்தி முடிவு செய்தார். அரசாங்கத்தில் ஒரு விதி வேலை செய்யவில்லை என்றால் அதை இறுக்குவார்கள்; தளர்த்துவதற்குப் படிவம் கிடையாது. அடுத்த நோட்டீஸில் மாலை ஓட்டமும் போயிற்று. இனி காலை மட்டும்தான்.

அந்த வாரம் கடையில் தம்புசாமி தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மூர்த்தி, மத்தியானத்துல கொஞ்ச நேரம் அந்த பம்ப்ப போடச் சொல்லேன். ரெண்டு தோங்கு புடிச்சு வச்சாலும் பத்தல. துணியே ஒரு தோங்கு கேக்குது."

"உனக்குன்னு போட்டா, தலைவர் கூட்டாளிக்குச் செய்றாருன்னு சொல்ல மாட்டாங்களா?"

"நான்தான் கூட்டாளின்னு எல்லாருக்கும் தெரியுமே. இத்தன வருசமா ஒரு லாபமும் இல்லாம கூட்டாளியா இருக்கேன்."

"ஒண்ணு செய். ஒரு கடிதம் எழுதிக் குடு. கமிட்டி கூட்டத்துல வைக்கிறேன்."

தம்புசாமி அவரை ஒருகணம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கடிதமா? சீதா சார்பா நான் எழுதணும். என்னான்னு எழுதறது? ஐயா, என் சம்சாரத்துக்கு மத்தியானத்துலயும் வருதுன்னா?"

விநாயகமூர்த்தியும் சிரித்தார். விஷயம் நல்லபடியாக முடிந்ததாக நினைத்துக்கொண்டார். இன்றைக்கு அவரிடம் கேட்டால், அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க முடியுமானால் எத்தனை கடிதம் வேண்டுமானாலும் தானே எழுதித் தருவதாகச் சொல்வார். தம்புசாமி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சில நாள் கழித்துக் குப்பை அறையில் காலியான குடிதண்ணீர் பாட்டில்கள் மலைபோலக் குவிந்திருந்ததைத் தலைவர் கண்டார். மறுசுழற்சி பற்றிய நோட்டீஸுக்கு மனதில் வாசகம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தம்புசாமி இன்னொரு பை நிறையப் பாட்டில்களோடு வந்தார்.

"என்ன தம்பு, வீட்டுல பார்ட்டியா?"

"சீதாவ கழுவறதுக்கு. மத்தியானம் பைப்புல வரலையே. கீழ மார்ட்டுல இதான் கெடைக்குது."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. லிஃப்ட் பழுது என்பது போலச் சொன்னார். எங்கோ ஒரு தொழிற்சாலையில் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்கில் அடைத்து, லோரியில் ஏற்றி, குளிர்பெட்டியில் வைத்து விற்கிற தண்ணீரால் ஒரு நோயாளியைக் கழுவ வைத்திருந்தது விநாயகமூர்த்தியின் பூமி காக்கும் திட்டம். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. வெட்கப்படுகிற மனிதன் உடனே எதையாவது கொடுத்துவிடப் பார்ப்பான். கையில் எது இருக்கிறதோ அதைக் கொடுப்பான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பு! எங்க வீட்டுல ரெண்டு தோங்கு நிறைய தண்ணி நிக்குது. விடிஞ்சா நேத்துத் தண்ணின்னு கனகம் எப்படியும் கொட்டத்தான் போறா. நீ எடுத்துக்க. கழுவத்தானே, அதுக்கு ஆகும்."

நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். அதில் சந்தேகமே வேண்டாம். எழுத்தர் வரிசை வீடுகளில் மிச்சமானதை, சாமிக்கும் ஆகாது சமையலுக்கும் ஆகாது என்றானதை, பின்கதவு வழியாகத் தண்டவாள வரிசைக்குக் கொடுத்தவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். பழைய சட்டை, முந்தின நாள் பலகாரம். வாங்கிக்கொண்டவர்கள் கைகட்டி நின்று ஒரு வார்த்தை சொல்வார்கள். தம்புசாமியின் அப்பா அதைச் சொல்லி விநாயகமூர்த்தி சிறுவயதில் கேட்டிருக்கிறார்.

தம்புசாமி பையைக் கீழே வைத்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து நசுக்கித் தொட்டியில் போட்டு முடித்தார்.

"பரவால்ல சார்" என்றார்.

அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் கடையில் விநாயகமூர்த்தி தனியாக உட்கார்ந்தார். தம்புசாமிக்கு ஒருநாள் முழங்கால் வலி, ஒருநாள் மழை, ஒருநாள் சீதாவுக்குக் காய்ச்சல். எல்லாம் மரியாதையான காரணங்கள். மனிதர் சண்டை போட்டிருந்தால் விநாயகமூர்த்தி பிழைத்திருப்பார். சண்டைக்குப் பதில் எழுதத் தெரியும் அவருக்கு. எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்தப் போய், மணிக்கு மேலே சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நின்று திரும்பினார். கனகேஸ்வரி மட்டும் அவருக்குத் தெரியாமல், காலையில் புதுத் தண்ணீராகப் பிடித்து இரண்டு வாளி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைத் தம்புசாமி வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் காலை லிஃப்டுக்கு வெளியே கட்டில் ஒன்று சாத்தி வைத்திருந்தது. கீழே லோரி நின்றது. சக்கர நாற்காலியில் சீதாலெட்சுமி உட்கார்ந்திருக்க, முகுந்தன் தள்ளிக்கொண்டு வந்தான்.

"செமினிக்கு வந்துர்றாங்க அங்கிள். அங்க தரை வீடு, ஈசி லா. தண்ணியும் பிரச்சனை இல்ல."

கடைசி வார்த்தையை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தம்புசாமி இதையெல்லாம் மகனிடம்கூடச் சொல்கிறவரல்லர். லிஃப்ட் வந்தபோது தம்புசாமி கதவைப் பிடித்துக்கொண்டு, "பொருள் ஏத்துறதுக்கு டெபாசிட் கட்டிட்டேன் சார். நோட்டீஸ்படிதான்" என்றார். லிஃப்ட் மூடிக்கொண்டது.

மகள் கௌசலா வந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. தொழிற்சாலைகளுக்குப் போய் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவளிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் பெற்ற மகளிடம் ஆலோசனை கேட்பது அரசாங்க வழக்கத்தில் இல்லை. லிஃப்டில் நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பா, பம்ப்பையா நிறுத்தினீங்க? ஏன் பா?"

"கார்பன்" என்றார் விநாயகமூர்த்தி. முன்பெல்லாம் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது இருந்த நிமிர்வு இப்போது இல்லை.

"பம்ப்புல போறது கொஞ்சம்தான் பா. நம்ம ஹீட்டர்ல ஒரு வாளி சுடுதண்ணி போடுற கரண்ட்டு இருக்குல்ல, அதுல கிட்டத்தட்ட ஒரு டன் தண்ணிய மொட்டமாடிக்கு ஏத்திரலாம். ஒரு வாளி பா! நீங்க ஹீட்டர ஆஃப் பண்றதே இல்ல. ஷவர்ல நிண்டா பஜனை முடியிற வரைக்கும் வர மாட்டீங்க."

"அவர் குளிக்கிறது உண்மையிலேயே பெரிய பூசைதான்" என்று சமையலறையிலிருந்து கனகேஸ்வரியின் குரல் வந்தது.

"ஒரு டன்னா?"

"லீக் ஆகுற பைப்ப மாத்துங்க, சுடுதண்ணிய கொறைங்க. அதுதான் உண்மையான சேவிங். பம்ப்ப நிறுத்தி யாருக்கு என்ன பா கெடச்சிச்சு?"

விநாயகமூர்த்தியின் மனதில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டன் தண்ணீரில் எத்தனை மத்தியானம் சீதாலெட்சுமியைக் கழுவியிருக்கலாம், எத்தனை துணி அலசியிருக்கலாம் என்கிற கணக்கு. அத்தனைக்கும் அவர் தலையில் ஊற்றிக்கொண்ட ஒரே ஒரு வாளி வெந்நீர் ஈடு. கருத்தரங்கில் தேநீர் இடைவேளைக்குப் பிறகு அதைத்தான் சொல்லியிருப்பார்கள் போலும். அன்றைக்கு ஜாமில் மாட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பம்ப் பழையபடி நாளெல்லாம் ஓட ஆரம்பித்தது. ரத்து அறிவிப்பை இந்த முறை எல்லோரும் படித்தார்கள். தோங்குகளில் துளசியும் கறிவேப்பிலையும் நட்டார்கள். பொதுக்கூட்டத்தில் தலைவருக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. செய்த தப்பைத் தானே நிறுத்தியவருக்கு நம் ஊரில் கிடைக்கிற அதே கைதட்டல். ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. காலையில் அவர் குளிக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்து, "அங்கிள் ஓகேயா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இவ்வளவையும் செய்துவிட்ட மனிதர், இனி அந்தச் செய்தியைச் சொன்னால் போதும், எதிர்வீட்டுக்கு விளக்கு வந்துவிடும் என்று நம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செமினிக்குக் கிளம்பினார். கனகேஸ்வரி உடன் வரவில்லை. "நான் போய்ப் பார்த்திட்டுத்தான் வந்தனான்" என்றார். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

புதுத் தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. தம்புசாமி வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்தார். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார், காற்றாடியை அவர் பக்கம் திருப்பினார். மருமகள் மாதவி தேநீரும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. கூடத்துச் சுவரோரம் கட்டிலில் சீதாலெட்சுமி படுத்திருந்தாள்.

"பம்ப்ப திருப்பி முழுநாளும் போட்டாச்சு" என்றார் விநாயகமூர்த்தி.

"அப்படியா, நல்லதுங்க. சனங்களுக்குச் சௌகரியம்."

"நான் செஞ்சது தப்பு. கௌசலா கணக்குப் போட்டுக் காட்டினா. பம்ப்புல ஒண்ணுமே இல்ல."

"கணக்குதானே சார். யாருக்கும் தவறும்."

கணக்கைப் பற்றித் தான் வரவில்லை என்று சொல்ல விநாயகமூர்த்தி வாயெடுத்தார். நேற்றைய தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் அதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது? மூன்று மொழியிலும் அவருக்கு அந்த வாக்கியம் வரவில்லை. அப்போது கட்டிலிலிருந்து சீதாலெட்சுமி கையை அசைத்தாள். அவரை அடையாளம் கண்டுகொண்டாள். வாயின் நல்ல பக்கத்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொன்னாள்.

"அண்ணே... தண்ணி... வருதா?"

விநாயகமூர்த்தி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "வருதும்மா. நாள் முழுக்க வருது. நிக்கிறதே இல்ல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கணவன் பக்கம் தலையைத் திருப்பினாள். "அப்ப... வீட்டுக்குப் போவோம்."

தம்புசாமி எழுந்து போய் அவள் தலையணையைச் சரிசெய்தார். கடைவாயில் வழிந்ததைத் துடைத்தார். "இதான் சீதா வீடு. அங்க நர்ஸ் புள்ளைங்க நாலு பேரு வாடகைக்கு வந்துட்டாங்க. நேத்துதான் சாவி குடுத்தேன்" என்று, அவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவள் மறுபடி விநாயகமூர்த்தியைப் பார்த்தாள், ஏதோ அவர் சொன்னால் நடந்துவிடும் என்பதுபோல. எத்தனையோ காலம் நோட்டீஸ் போட்டு நடத்திய மனிதரல்லவா.

அவரால் அங்கே உட்கார முடியவில்லை. காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வைங்க சார், மாதவி பார்த்துக்கும்" என்று தம்புசாமி சொன்னது காதில் விழவில்லை. பின்கட்டுச் சமையலறைக்குப் போய்க் கழுவுதொட்டியில் குழாயைத் திறந்தார். பம்ப் இல்லை, மாடி இல்லை. நல்ல விசையோடு தண்ணீர் பாய்ந்தது. கோப்பை எப்போதோ சுத்தமாகிவிட்டது. கூடத்தில் தம்புசாமி மனைவியிடம் மெல்லிய குரலில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், தண்ணி வீணா போவுது" என்று சொல்லிவிட்டு, அவர் கைக்குக் குறுக்கே கையை நீட்டிக் குழாயை மூடினாள்.